காட்டை வெட்டினால் காய்ச்சல் போகுமா?

காடு இருக்கும்வரை கொசு இருக்கும், வெட்டித் திருத்திவிட்டால் மலேரியா தானாகப் போய்விடும் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. இதை நம்பிக் காட்டை வெட்டிய இடங்களில் உயிர்களும் போயிருக்கின்றன.

இருட்டும் ஈரமும் எல்லாக் கொசுவுக்கும் பிடிக்கும் என்பதே முதல் பிழை. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் கொசுக்களில் சில நிழல் நீரில் முட்டையிடும், சில வெயில் படும் நீரைத் தேடும். பெருவின் அமேசான் காட்டில் இகிட்டோஸ் – நவுத்தா சாலையோரம் நடந்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. காடு அழிந்த இடங்களில் அனோபிலிஸ் டார்லிங்கி மனிதரைக் கடிப்பது அடர்காட்டைவிட 278 மடங்கு அதிகம் என்று அது கண்டது.

"மலாயாவில் காடழித்துத்தானே மலேரியாவை அடக்கினார்கள்?" என்று கேட்பார்கள். பாதி உண்மை. 1901 முதல் கிள்ளானில் மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பை வடித்து, காட்டை வெட்டவைத்தார். காய்ச்சல் தணிந்தது. அந்தச் சமவெளியில் நோயைப் பரப்பியது நிழலில் வளரும் கொசு. மலைப்பாங்கான ரப்பர் தோட்டங்களிலோ காட்டை வெட்டியதும் ஓடைகள்மேல் வெயில் விழுந்தது. தெளிந்த, வெயில் படும் ஊற்றுநீரில் பெருகும் அனோபிலிஸ் மாக்குலேட்டஸுக்கு அது போதுமானதாக இருந்தது. அந்தத் தோட்டங்களில் கூலிக்குப் போய்க் குளிர்காய்ச்சலில் மாண்டவர்களில் பெருந்தொகையினர் தமிழர்கள். வாட்சனே பிறகு அங்கே நிலத்தடிக் குழாய்களில் ஓடையைச் செலுத்தவும் நீரில் எண்ணெய் தெளிக்கவும் வேண்டியிருந்தது. கிள்ளானின் வெற்றியை மட்டும் சொல்லி இந்தச் சாவுகளை விட்டுவிடுவது நேர்மையல்ல.

குரங்குகளிடம் நோய் இருக்கிறது, காடு போனால் அதுவும் போகும் என்பது இன்னொரு வாதம். மலேசியாவில் 2018 முதல் மனிதருக்கே உரிய மலேரியா உள்ளூரில் தொற்றியதாகப் பதிவில்லை. ஆனால் குரங்கிலிருந்து வரும் நோலெசி மலேரியா ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோரைத் தாக்குகிறது. அந்நாட்டின் சபா மாநிலத்தில் காடு சுருங்கிய ஊர்களைச் சுற்றித்தான் அது கூடியிருக்கிறது. மரம் போனதும் குரங்குகள் தோட்டத்து ஓரங்களுக்கு வருகின்றன. கொசுவும் அங்கேயே இருக்கிறது.

டெங்குவுக்குக் காடே தேவையில்லை. தண்ணீர்த் தொட்டியும் பழைய டயரும் போதும்.

கடைசி வாதத்திலும் சாரம் உண்டு: குடியேறிய ஊர் நிலைபெற்றதும் காய்ச்சல் குறையும். பிரேசிலில் அப்படி நடந்திருக்கிறது. தென்கிழக்கு ஆசியாவின் நிழல்விரும்பிக் கொசுக்கள் மரம் போனால் குறையவும் செய்யும். ஆனால் ஊர் நிலைபெறும்போது காய்ச்சலைக் குறைப்பதில் நல்ல வீட்டுக்கும் வடிகாலுக்கும் மருத்துவமனைக்கும் பெரும்பங்கு உண்டு. அவற்றைக் காடழிக்காமலும் கொடுக்கலாம். அவை வந்துசேர்வதற்கு முந்தைய ஆண்டுகளில் காய்ச்சலில் விழுபவர்கள், வெட்டிய காட்டில் குடிசை போட்ட ஏழைகள். அனுமதி கொடுப்பவர்கள் அங்கே குடியிருப்பதில்லை.