தாத்தாவுக்கு எத்தனை கிலோ?

இந்த வாரம் வந்த மெயில்களில் ஒன்று என்னை ரெண்டு நாள் தூங்க விடலை. எழுதினது கோவைப் பக்கம் பிசியோதெரபி கடைசி வருஷம் படிக்கிற ஒரு தங்கச்சி. பெயர் வேண்டாம்னு கேட்டிருக்காங்க.

"அண்ணா, எங்க கிளாஸ்ல பாதிப் பேர் கிரிக்கெட் டீமோட பஸ்ல போகணும்னு கனவு கண்டுட்டு இருக்காங்க. எனக்கு மட்டும் வயசானவங்க வார்டுதான் பிடிக்குது. 'நீ பாட்டிகளுக்குக் கால் பிடிச்சு விடத்தான் லாயக்கு'ன்னு ஓட்டுறாங்க. அமெரிக்காவில் முதியோர் பிசியோவுக்குன்னே தனியா ரெசிடென்சி இருக்காமே? ஒரு ஏஜென்ட், பி.பி.டி. முடிச்சதும் நேரா அதுல சேர்த்துவிடுறேன்னு லட்சக்கணக்கில் கேட்கிறார். அப்பா தோட்டத்தை அடமானம் வைக்கத் தயாரா இருக்கார். அடுத்த வாரம் பணம் கட்டணும். என்ன பண்ணட்டும்?"

முதல்ல அவசரச் செய்தி: பணத்தைக் கட்டாதேம்மா. காரணத்தைக் கடைசியில் சொல்றேன். அதுக்கு முன்னாடி, உன் ஃப்ரெண்ட்ஸ் ஓட்டுறாங்களே, அந்தக் 'கால் பிடிச்சு விடுற' விஷயம். அதுல எனக்கு ஒரு சொந்தக் கணக்கு இருக்கு.

எங்க அப்பத்தா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சது. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. வீட்டுக்கு ஒருத்தர் தினமும் வந்து, படுத்திருக்கிற அப்பத்தாவோட காலைப் பத்துத் தடவை தூக்கி இறக்கிட்டுப் போவார். ரெண்டு மாசம் அதேதான். நிற்க வைக்கவே இல்லை. அப்பத்தா எழுந்திருக்க முயற்சி பண்ணினாலும் நாங்க விடலை. "விழுந்துருவீங்க, படுங்க." பாசம்தான். அந்தப் பாசத்திலேயே அவங்க கட்டிலோடு ஒட்டிப்போய், அடுத்த பொங்கலைப் பார்க்காமலே போய்ட்டாங்க.

பல வருஷம் கழிச்சு ஒரு ஆராய்ச்சியைப் படிச்சப்பதான் எங்க தப்பு புரிஞ்சது. 1990-ல் பாஸ்டனில், முதியோர் இல்லத்தில் இருந்த சுமார் 90 வயசுக்காரங்க பத்துப் பேருக்கு எட்டு வாரம் நிஜமான வெயிட் டிரெயினிங் கொடுத்தாங்க. சும்மா கை கால் ஆட்டுறது இல்லை, நம்ம ஜிம் பசங்க பண்ணுற மாதிரி பாரம். ஒன்பது பேர் முடிச்சாங்க. அவங்க கால் வலு சராசரியா 174 சதவீதம் கூடியிருந்தது. கிட்டத்தட்ட மூணு மடங்கு! தொண்ணூறு வயசில்!

சின்ன ஆராய்ச்சிதான், ஒத்துக்கிறேன். ஆனா வயசானவங்க தசை வளராதுங்கிற நினைப்பை அது உடைச்சது. ஆனாலும் பழக்கம் லேசில் போகுமா? அமெரிக்க பிசியோ சங்கமே 2014-ல், 'முதியவர்களுக்குப் போதாத அளவு வலுப்பயிற்சி கொடுக்காதீர்கள்'னு தன் ஆட்களுக்கே சொல்ல வேண்டியிருந்தது. அதாவது அங்கேயும் நோஞ்சான் மஞ்சள் ரப்பர் பேண்டைக் கையில் கொடுத்து "பத்து வாட்டி இழுங்க தாத்தா"ன்னு அனுப்பிட்டுத்தான் இருந்திருக்காங்க. தாத்தாவுக்கு எத்தனை கிலோ தாங்கும்னு யாரும் அளந்து பார்க்கலை. பயம், அப்புறம் சோம்பல்.

இந்த அளவைச் சரியா போடக் கத்துக்கிற இடங்களில் ஒண்ணுதான் ரெசிடென்சி.

ஒரு நோயாளியைக் கற்பனை பண்ணிக்கோ. வயசு 80. இடுப்பு ஆபரேஷன், சர்க்கரை, பிரஷர் மாத்திரை, ஆரம்ப நிலை பார்க்கின்சன், கொஞ்சம் மறதி. எழுந்து நிற்கும்போது தள்ளாடுறார். எதனால்? தொடையில் வலு இல்லையா? எழுந்ததும் பிரஷர் இறங்குதா? பாதத்தில் உணர்ச்சி குறைஞ்சிருக்கா? புது மாத்திரையா? கண்ணாடி பவர் மாறிடுச்சா? இல்லை, ஏற்கெனவே விழுந்த பயமா? முழங்கால் அடிபட்ட இருபது வயசுப் பையன்கிட்ட இத்தனை முடிச்சு இருக்காது. அதனால உன் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொல்லு, கஷ்டமான பேப்பரை எடுத்திருக்கிறது நீதான்னு.

அங்கே ரெசிடென்சி பெரும்பாலும் ஒரு வருஷம் இருக்கும். அங்கீகாரம் கொடுக்கிற அமைப்போட விதிப்படி குறைஞ்சது 1,500 மணி நேரம் நோயாளிகளோட வேலை, 300 மணி நேரம் படிப்பு. இதுல விலைமதிப்பான பகுதி, 150 மணி நேர மென்ட்டரிங். அனுபவசாலி ஒருத்தர் உன் பக்கத்திலேயே நின்னு நீ வைத்தியம் பார்க்கிறதைப் பார்ப்பார். "ஏன் பத்து தடவை? ஏன் பன்னிரண்டு இல்லை? பிரஷரைப் படுக்க வச்சுப் பார்த்தே, நிற்க வச்சுப் பார்த்தியா?"ன்னு குடைவார். நம்ம ஊர் இன்டர்ன்ஷிப்பில் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுட்டு கேன்டீனுக்கு ஓடினவங்களுக்கு இது புரியக் கொஞ்சம் நேரமாகும். (என் நண்பர்கள் நிறைய பேர் இருக்காங்க, கோவிச்சுக்காதீங்கப்பா.)

ஆஸ்பத்திரி வார்டு, நர்சிங் வசதியுள்ள மறுவாழ்வு மையம், நோயாளியின் வீடுன்னு பல இடங்களில் வேலை பார்க்க வாய்ப்பு கிடைக்கும். வீடுதான் சுவாரஸ்யம்னு நினைக்கிறேன். வார்டில் சூப்பரா நடக்கிற பாட்டி, வீட்டில் பூனைக்குட்டி குறுக்கே வந்தா விழுவாங்க. அதை எந்தப் புத்தகமும் முன்கூட்டிச் சொல்லாது.

முடிச்சதும் முதியோர் பிசியோ நிபுணர் தேர்வு எழுதலாம். அந்தத் தேர்வு 1992-லேயே ஆரம்பிச்சது. ரெசிடென்சி இல்லாமலும் எழுதலாம், அதுக்கு இந்தத் துறையில் 2,000 மணி நேரம் நேரடி அனுபவம் வேணும். ஆக, ரெசிடென்சி கட்டாயம் இல்லை. டாக்டர்களுக்கு மாதிரின்னு நினைச்சுடாதே. அந்த வருஷம் சம்பளமும் வெளியே வேலை பார்க்கிற சக பிசியோவைவிடக் குறைவு. படிப்புக் கடனோட வெளியே வர்ற அமெரிக்கப் பசங்களே இதனால தயங்குறாங்க. என் கருத்து, ஒரு வருஷச் சம்பள நஷ்டத்தைத் தாங்க முடிஞ்சா போகலாம். அந்த 150 மணி நேரத்தைத் தனியா விலை கொடுத்து வாங்க முடியாது.

இப்ப உன் ஏஜென்ட்டுக்கு வருவோம். அங்கே ரெசிடென்ட்டா சேருறவர் மாணவர் இல்லை, நோயாளியைத் தொட்டு வைத்தியம் பார்க்கிற பிசியோ. அதனால அந்த மாநில லைசென்ஸ் வேணும். அந்த லைசென்ஸுக்கு வெளிநாட்டில் படிச்சவங்க முதல்ல தங்கள் படிப்பை மதிப்பீட்டுக்கு அனுப்பணும். 2016-லிருந்து அங்கே பிசியோவுக்கு அடிப்படைப் படிப்பே டி.பி.டி.தான். டிகிரி முடிச்ச பிறகு பெரும்பாலும் மூணு வருஷம். அதோட ஒப்பிட்டு உன் பி.பி.டி.யில் என்னென்ன குறையுதுன்னு பார்ப்பாங்க. குறைஞ்சா கூடுதலா படிக்கச் சொல்வாங்க. ஆங்கிலத் தேர்வு உண்டு. அப்புறம் என்.பி.டி.இ. என்கிற தேசியத் தேர்வு. 200-லிருந்து 800 வரைக்கும் போற அளவுகோலில் 600 எடுத்தால் பாஸ். மாநில லைசென்ஸ், விசா எல்லாம் இதுக்கு அப்புறம்தான். ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்கிறதும் அந்த வரிசையில்தான் வரும்.

இதில் 'நேரா' எங்கே இருக்கு? அவர்கிட்ட ஒரே கேள்வி கேள்: "லைசென்ஸ் இல்லாதவரை எந்த ரெசிடென்சி சேர்த்துக்குது, பேர் சொல்லுங்க சார்?" பேர் சொன்னா, அது அங்கீகாரம் பெற்ற பட்டியலில் இருக்கான்னு நீயே பாரு. அப்பாவையும் பக்கத்தில் உட்கார வச்சுக்கிட்டுப் பாரு.

அமெரிக்கா போகவே கூடாதுன்னு நான் சொல்ல வரலை. நம்ம ஊரிலிருந்து எத்தனையோ பேர் இந்த வழியில் முறையா போயிருக்காங்க. ஆனா அது சில வருஷக் கணக்கு, அடுத்த வாரக் கணக்கு இல்லை. அதுவரைக்கும் கத்துக்க இங்கேயும் இடம் இருக்கு. முதியோர் மருத்துவத்துக்கு இந்தியாவிலேயே முதன்முதலா எம்.டி. படிப்பு ஆரம்பிச்சது நம்ம சென்னை மருத்துவக் கல்லூரி, 1996-ல். கிண்டியில் தேசிய முதியோர் நல மையம் 2024-ல் திறந்திருக்காங்க. ஒரு நாள் போய், அங்கே பிசியோக்கள் என்ன பண்றாங்கன்னு பார்த்துட்டு வா.

கிளம்புறதுக்கு முன்னாடி உன் வார்டிலேயே ஒண்ணு பண்ணு. கைப்பிடி இல்லாத, சாய்மானம் உள்ள நாற்காலியைச் சுவரோட ஒட்டிப் போடு. 80 வயசு தாண்டின ஒரு பாட்டியை, டாக்டர்கிட்ட கேட்டுக்கிட்டு, உன் சீனியர் பக்கத்தில் இருக்கும்போது உட்கார வை. கையை மார்பில் குறுக்கே கட்டிக்கச் சொல்லு. 30 செகண்டில் எத்தனை தடவை முழுசா எழுந்து உட்கார்றாங்கன்னு எண்ணு. கையை ஊன்றி எழுந்தால் கணக்கு பூஜ்யம். 80-லிருந்து 84 வயசுப் பெண்களுக்கு 9-க்குக் கீழே வந்தா குறைவுன்னு அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் சொல்லுது. கீழே விழுற அபாயம் இருக்குன்னு அர்த்தம்.

அந்த எண்ணை நோட்டில் தேதியோட எழுதி வை. ஆறு வாரம், சீனியர் சொல்ற பாரத்தோட, ஒழுங்கா பயிற்சி கொடு. திரும்ப எண்ணு. ரெண்டு எண்ணையும் எனக்கு மெயில் போடு. பாட்டி அனுமதிச்சா இந்தப் பக்கத்திலேயே போட்டுடலாம்.