கறுத்த எண்ணெயும் கற்றவர் கைகளும்

‘மகிழுந்து’ என்றொரு சொல்லை ஆக்கிக்கொண்டோம். மேடைகளிலும் பாடநூல்களிலும் அது ஓரளவு ஓடவும் செய்கிறது. ஆனால் அம்மகிழுந்தின் முன்மூடியைத் தூக்கி நிறுத்தினால் உள்ளே தெரியும் பத்துப் பொருள்களில் மூன்றுக்கேனும் பெயர் சொல்ல நம்மில் பெரும்பாலோரால் ஆவதில்லை. இலக்கியம் கற்போர், கற்பிப்போர், சிற்றிதழ் வாசிப்போர் என்று நம்மைச் சொல்லிக்கொள்ளும் வட்டத்தில் இது ஒரு குறையாகவே எண்ணப்படுவதும் இல்லை. கார் வைத்திருக்கும் வாசகர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் தம் கையாலேயே என்ஜின் அறையைத் துடைத்து எண்ணெயை மாற்ற வேண்டும் என்பது நம் கருத்து. பணம் மிச்சமாகும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. எண்ணெய்க்கும் வடிகட்டிக்கும் ஆகும் செலவு எங்கு மாற்றினாலும் ஆகவே செய்யும். மிஞ்சுவது கூலி மட்டுமே. கூலியை மிச்சம் பிடிப்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் உமணரின் உப்பு வண்டியைக் காட்டும் பகுதியை வகுப்பில் நடத்துகையில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு வியப்பு எழுகிறது. சூட்டு, ஆர், உருளி, பார் என்று உறுப்பு உறுப்பாகப் புலவர் அந்த வண்டியைச் சுற்றி வருகிறார். ஒவ்வோர் உறுப்புக்கும் அவரிடம் பெயர் இருக்கிறது. எந்த உறுப்பு எதனுடன் பொருந்துகிறது என்பதும் தெரிந்திருக்கிறது. புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் பொகுட்டெழினியை உமணர் வண்டியின் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். மேட்டிலும் பள்ளத்திலும் என்ன நேருமோ என்று அஞ்சி, மாற்று அச்சு ஒன்றை வண்டியின் கீழ்மரத்தில் கட்டி வைத்திருப்பார்கள். அது எதிரே வரும் வண்டியை நின்று நோக்குபவர் கண்ணுக்குப் படுகிற பொருளன்று. வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தவருக்கே, அல்லது குனிந்து வேலை செய்பவரோடு பேசிப் பழகியவருக்கே அவ்வுவமை கிட்டியிருக்கும். அரசனைப் புகழ வண்டிக்கு அடியிலிருந்து ஒரு பொருளை எடுத்து வருவதில் அவருக்குத் தயக்கமும் இருந்ததில்லை.

இன்றைய நம் புனைகதைகளில் பட்டறைத் தொழிலாளி வராமல் இல்லை. பெரும்பாலும் ‘கிரீஸ் படிந்த கைகளோடு’ வருகிறார். அந்தத் தொடருக்குப் பின் வினைச்சொல் வருகிறதா என்று பாருங்கள். அக்கைகள் எதைக் கழற்றின, எதை இறுக்கின, மரை தேய்ந்த போல்ட்டை எப்படி வெளியே எடுத்தன என்பதெல்லாம் அரிதாகவே எழுதப்படுகிறது. கறை இருக்கிறது, வேலை இல்லை. விதிவிலக்குகள் உண்டு; எனினும் வயல் வேலையும் தறி வேலையும் தமிழ் உரைநடையில் பெற்றிருக்கும் நுட்பத்தை இயந்திர வேலை பெறவில்லை என்பது நம் துணிபு. உழவர், நெசவாளர் வீடுகளிலிருந்து எழுத வந்தவர்கள் அத்தொழில்களைக் கையோடு கொண்டுவந்தார்கள். காரை நாம் பின்னிருக்கையிலும், பிறகு ஓட்டுநர் இருக்கையிலும் அமர்ந்தே அறிந்தோம்.

ஆயுத பூசை அன்று மட்டும் காரைத் தொடுகிறோம். கழுவி, சந்தனமும் குங்குமமும் இட்டு, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் கீழ் நசுக்குகிறோம். அன்றைக்கும் முன்மூடி திறப்பதில்லை. புத்தகங்களை அடுக்கி வைத்துப் படிக்காமல் இருப்பதும் அதே நாளில்தான் என்பது தற்செயலாகவே இருக்கட்டும்.

இனி வேலைக்கு வருவோம். என்ஜின் அறையைத் துடைப்பதில் முதல் விதி, என்ஜின் முற்றிலும் ஆறியிருக்க வேண்டும். சூடான உலோகத்தில் குளிர்ந்த நீர் படுவது நல்லதன்று, கையும் சுடும். பேட்டரி, பியூஸ் பெட்டி, ஆல்டர்னேட்டர், காற்று உள்ளே போகும் குழாயின் வாய் ஆகியவற்றைப் பாலித்தீன் உறையால் மூடிக் கட்டிவிட வேண்டும். சாலையோரத்துக் கழுவு நிலையங்களில் பீய்ச்சி அடிக்கும் நீர்த்தாரை இவ்வறைக்கு ஆகாது. மின்னிணைப்புகளுக்குள் புகுந்த நீர் இரண்டு நாள் கழித்துத் தன் வேலையைக் காட்டும். பழைய பட்டறைகளில் மண்ணெண்ணெயையோ டீசலையோ தெளித்துக் கழுவும் வழக்கம் இருந்தது. தீப்பற்றும் பொருளைச் சூடாகப்போகும் இடத்தில் தெளிப்பது அது. எண்ணெய்ப் பிசுக்கை இளக்கும் திரவத்தைச் சிறிதளவு தடவி, பழைய பல்துலக்கியால் தேய்த்து, ஈரத்துணியால் ஒற்றி எடுப்பதே போதும்.

நம் ஊர்களில் கார்கள் மரத்தடியில் நிற்பவை. கண்ணாடித் துடைப்பான்களுக்குக் கீழுள்ள தட்டில் வேம்பும் புங்கும் உதிர்த்த சருகுகள் சேர்ந்து, நீர் வடியும் துளையை அடைத்துக்கொள்கின்றன. மழைக்காலத்தில் காருக்குள் காலடி விரிப்பு நனைந்து நாறுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். அச்சருகுகளைக் கையால் அள்ளிப் போடக் கால்மணி நேரம் ஆகாது. எலி வேறு. என்ஜின் சூட்டுக்கு ஒதுங்கி ஒயர்களைக் கடித்து வைக்கும் எலிக்காகப் புகையிலையைக் கட்டித் தொங்கவிடுவது இங்கு பலர் கையாளும் வைத்தியம். பலன் பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள். மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து பார்ப்பவர், எலி குடும்பம் நடத்தத் தொடங்குமுன்பே அறிந்துகொள்வார் என்பதை மட்டும் நாம் உறுதியாகச் சொல்ல முடியும்.

துடைப்பது எதற்காக என்பதிலும் நமக்கொரு பிணக்கு உண்டு. பெரிய பணிமனைகளின் ரசீதுகளில் ‘என்ஜின் டிரெஸ்ஸிங்’ என்றொரு வரி இடம்பெறுகிறது. பளபளப்புத் தரும் ஒரு திரவத்தை அறை முழுவதும் தெளித்துவிடுவது. நாம் அறிந்த ஒரு பணிமனையில் எண்ணெய்க் கசிவின் மீதே அதைத் தெளித்துப் பளபளப்பாக்கி அனுப்பியிருந்தார்கள். பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்குப் பட்டறைக்காரர்கள் சொல்லும் அறிவுரை ஒன்றுண்டு: புத்தம் புதிதாகக் கழுவிய என்ஜினைக் கண்டால் ஐயப்படு. அழுக்கு ஒரு சான்று. எங்கே ஈரமாகப் படிந்திருக்கிறது, எங்கிருந்து கீழிறங்கியிருக்கிறது என்று படித்த பிறகே அதைத் துடைக்க வேண்டும். துடைத்துவிட்டு, ஒரு வாரம் ஓட்டிவிட்டு, மீண்டும் பார்க்க வேண்டும். புதிய ஈரம் இருந்தால் கசிவு அங்கேதான். சுவடியில் எழுத்து தெரிவதற்காகக் கரியை இலைச்சாற்றில் குழைத்துப் பூசியவர்கள் நம் முன்னோர். எந்தக் கறுப்பு எழுத்து, எந்தக் கறுப்பு அழுக்கு என்று பிரித்தறியும் பயிற்சி தமிழாசிரியருக்குப் புதிதன்று.

எண்ணெய் மாற்றம் இதைவிட எளிது. ஆனால் ஓர் இடத்தில் உயிராபத்து உண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் காருக்கு அடியில் போகக் கூடாது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே; தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டுகள் வேண்டும், தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும், பின்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வேண்டும். இவை இல்லாதவர் இந்தப் பகுதியை வாசித்ததோடு நிறுத்திக்கொள்வது நலம். ஸ்கூட்டர் வைத்திருப்போருக்கு இத்தொல்லை இல்லை. அடியில் படுக்க வேண்டியதில்லை, எண்ணெயும் ஒரு லிட்டருக்குக் குறைவு. தொடங்குவோர் அதிலிருந்து தொடங்கலாம்.

என்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு, வெதுவெதுப்பாக்கி நிறுத்த வேண்டும். அப்போதுதான் எண்ணெய் இளகி, தன்னுள் மிதக்கும் கசடுகளோடு இறங்கும். அடித்தட்டிலுள்ள போல்ட்டை, பெரும்பாலான சிறுகார்களில் 14 அல்லது 17 மில்லிமீட்டர் ஸ்பேனர், இடப்பக்கம் திருப்பிக் கழற்றினால் எண்ணெய் பாய்ந்து வரும். சிறுகார்களில் ஏறத்தாழ மூன்று லிட்டர். வருவது கறுப்பாக இருப்பதைக் கண்டு பலர் திடுக்கிடுவர். கறுப்பு என்பதாலேயே எண்ணெய் கெட்டுவிட்டது என்று பொருளில்லை. எரிபொருள் எரிகையில் உண்டாகும் கரியை உலோகத்தில் படியவிடாமல் தன்னிடமே தாங்கிக்கொள்வதற்கான சேர்மங்கள் அதில் உள்ளன. கறுத்தது என்றால் அவ்வேலையைச் செய்திருக்கிறது. பாலூற்றிய காபியைப் போலிருந்தால்தான் அஞ்ச வேண்டும்: நீர் கலந்திருக்கிறது. உலோகத் துகள்கள் மின்னினாலும் உடனே பட்டறைக்குப் போக வேண்டும்.

பிறகு வடிகட்டி. கடையில் ‘ஆயில் ஃபில்டர்’ என்று கேட்டால்தான் கிடைக்கும். பழையதன் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, புதியதன் வளையத்தில் புது எண்ணெயை விரலால் தடவி, கையாலேயே திருகி, வளையம் தொட்ட பின் ஏறத்தாழ முக்கால் சுற்று. போல்ட்டுக்குப் புது வாசர் போட வேண்டும். வலிமையைக் காட்டி இறுக்கினால் அலுமினியத் தட்டின் மரை போய்விடும். அறிவு பிசகியவரை ‘மரை கழன்றவன்’ என்கிறோம். மரை கழல்வது என்றால் என்ன என்பதை விரல் நுனியில் உணர்ந்த பிறகு அவ்வசையைச் சொல்லும் வேகம் குறையும். எந்த எண்ணெய் என்பதைக் காரோடு தந்த கையேட்டில் பார்க்க வேண்டும். டப்பாவின் மேல் 5 டபிள்யூ 30 என்றிருப்பதில் ‘டபிள்யூ’ குளிர்காலத்தைக் குறிக்கும். வேலூரிலும் மதுரையிலும் உள்ளவர்கள் அதைச் சற்றுப் புன்னகையோடு கடந்து செல்லலாம். ஊற்றி, ஒரு நிமிடம் ஓட்டி, நிறுத்தி, எண்ணெய் அடியில் இறங்கும்வரை பொறுத்து, அளவுகோலை உருவிப் பார்த்தால் வேலை முடிந்தது.

காஸ்ட்ரால் என்னும் பெயர் 1909இல் பிறந்தது, அதில் கலந்திருந்த ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து. நம் மாட்டு வண்டிக்காரர்கள் வைக்கோல் கரியை அதே விளக்கெண்ணெயில் குழைத்து அச்சுக்கு மசகு இட்டார்கள். ‘மசகு’ என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. ‘உராய்வு நீக்கி’ என்று புதிதாக ஆக்குவோர் ஒருமுறை வண்டிப்பேட்டைக்குப் போய் வந்திருக்கலாம்.

இதெல்லாம் எதற்கு, காசு கொடுத்தால் செய்துவிட்டுப் போகிறார்கள் என்பார் உளர். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது நடந்ததை அவர்கள் நினைவுகூர வேண்டும். நீரில் நின்ற கார்களை, நீர் வடிந்ததும் வடியாததுமாகச் சாவியைத் திருப்பி முடுக்கிப் பார்த்தவர்கள் பலர். காற்று போகும் வழியே சிலிண்டருக்குள் புகுந்த நீர் காற்றைப்போல் அமுங்கிக் கொடுக்காது. பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துபோகும். சில ஆயிரங்களில் முடிந்திருக்க வேண்டிய செலவு என்ஜினையே பிரிக்கும் செலவானது. தம் காரில் காற்றுக்குழாயின் வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று ஒருமுறை துணியால் துடைத்து அறிந்தவர் அச்சாவியைத் தொட்டிருக்க மாட்டார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இதே எச்சரிக்கையை மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது.

பட்டறைக்காரரின் பிழைப்பைக் கெடுப்பதாகாதா என்ற கேள்வி இதைவிட நேர்மையானது. ஆண்டுக்கு ஒரு எண்ணெய் மாற்றக் கூலியை அவர் இழப்பார், உண்மைதான். எனினும், ஒருமுறை காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, முழங்கை வழியே சூடான எண்ணெய் வடிய, தெரியாத போல்ட்டைத் துழாவியவர், அடுத்த முறை அவர் சொல்லும் கூலியில் ஐம்பதைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேச மாட்டார் என்று எதிர்பார்க்கிறோம். நாம் கையுறை அணிந்து இவ்வேலையைச் செய்வோம். பழைய எண்ணெய் தோலில் நெடுநாள் படுவது கேடு. பட்டறையில் பல பையன்களுக்கு அது கிடைப்பதில்லை. உழைப்பாளர் நாளில் கவிதை எழுதுவோர் ஒரு பெட்டிக் கையுறையும் வாங்கிக் கொடுக்கலாம்.

ராபர்ட் பிர்சிக்கின் மோட்டார் சைக்கிள் நூல் 1974இல் வந்தது. நம் வாசகர் பலர் அறிந்ததே. அதில், விலையுயர்ந்த வண்டி வைத்திருக்கும் நண்பனுக்குத் தளர்ந்த கைப்பிடியைச் சரிசெய்ய பீர் டப்பாவின் தகட்டை வெட்டி வைக்கலாம் என்கிறார் கதைசொல்லி. நண்பனுக்கு அது அவமானமாகப் படுகிறது. நம்மவர்கள் அந்நூலின் தத்துவத்தை விரிவாகப் பேசுகிறார்கள். தகட்டைப் பற்றிப் பேசக் கேட்டதில்லை.

கடைசியாக, வடித்த மூன்று லிட்டர். இதில் மட்டும் நாம் விட்டுக்கொடுப்பதற்கில்லை. கறுத்த எண்ணெயைச் சாக்கடையிலோ கொல்லையிலோ ஊற்றுவோர் அந்த வேலையைத் தொடங்கவே கூடாது. மண்ணில் இறங்கி நிலத்தடி நீரோடு சேர்ந்தால் அதை மீட்பது அரிது. கறையானுக்கு மரச்சட்டத்தில் பூசுவதும் கான்கிரீட் பலகையில் தடவுவதும் நெடுங்கால வழக்கமாயினும் அவையும் மண்ணுக்கே போய்ச் சேர்கின்றன. பயன்படுத்திய எண்ணெயை 2016ஆம் ஆண்டின் விதிகள் தீங்கான கழிவு என்று வகுத்துள்ளன. 2023இல் செய்த திருத்தத்தின்படி, அதைத் திரும்பப் பெற்று மறுசுத்திகரிப்புக்குச் சேர்க்கும் பொறுப்பு 2024 ஏப்ரல் 1 முதல் எண்ணெய் உற்பத்தியாளர்மீதும் விழுந்திருக்கிறது. அந்த ஏற்பாடு நம் தெருவுக்கு வரும்வரை, மூடியுள்ள டப்பாவில் ஊற்றி, முறையான சேகரிப்பாளருக்குக் கொடுக்கும் பட்டறை எது என்று விசாரித்து அங்கே சேர்க்க வேண்டும். பழைய வடிகட்டியையும் தலைகீழாக ஒருநாள் வடியவிட்டு அதனோடு கொடுத்துவிடலாம். புது எண்ணெய் வந்த டப்பாவை மட்டும் அப்படியே பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். போலி எண்ணெய் நிரப்பி விற்போர் தேடுவது அதைத்தான். அடியில் ஆணியால் இரண்டு துளை போட்டுவிட்டுக் கொடுங்கள்.