கூடையின் கயிற்றைப் பிடித்தவர்கள்



சென்ற ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியான பின் வந்த ஞாயிற்றுக்கிழமையில், அதிக மதிப்பெண் பெற்ற நம் பிள்ளைகளைப் பீடத்தின் முன்பாக வரவழைத்தேன். சால்வை அணிவித்தோம், சபை கைதட்டியது. “தங்கள் விடாமுயற்சியால் வென்றவர்கள் இவர்கள்” என்று பெருமையோடு சொன்னேன். ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்த பின் ஒரு மாணவன் என்னிடம் வந்தான். அவன் தேர்ச்சி பெறாதவன். படுக்கையில் கிடந்த தகப்பனை இரவெல்லாம் பார்த்துக்கொண்டு, பகலில் பள்ளிக்குச் சென்றவன். “ஐயா, அப்படியானால் நான் முயலவில்லை என்றுதானே அர்த்தம்?” என்று கேட்டான்.

அவன் தோளில் கைவைத்து ஜெபித்து அனுப்பிவிட்டேன். பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், சற்று முன்பு பீடத்தில் நான் பேசியது பாதி உண்மை என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்திருக்கும். அந்தப் பிள்ளை இப்போது ஆலயத்திற்கு வருவதில்லை. அவனுக்குச் சொல்லாமல் விட்ட பதிலையே இந்த வாரத் தியானமாக உங்கள் முன் வைக்கிறேன்.

நம்மிடையே வேறொரு சுவிசேஷம் நுழைந்திருக்கிறது. “உன்னை நீ செம்மைப்படுத்திக்கொள், வெற்றி உன்னைத் தேடி வரும்” என்பதே அதன் சாரம். அதிகாலை நான்கு மணிக்கு எழுவதும், இலக்கை எழுதிச் சுவரில் ஒட்டுவதும், தோற்றவர்களின் சகவாசத்தை விலக்குவதும் அதன் கட்டளைகள். அதிலும் பாவம் உண்டு. அதற்குத் தோல்வி என்று பெயர். மன்னிப்புக்கு மட்டும் அதில் இடமில்லை. இந்தப் போதனையை வாலிபர் கூட்டங்களில் நாமே பரப்பியிருக்கிறோம். யோசேப்பின் வாழ்வை இலக்கு நிர்ணயிக்கும் பாடமாக்கினோம். தாவீதின் கவணைத் தன்னம்பிக்கையின் சின்னமாக்கினோம். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு ஜெபத்தைச் சேர்த்துவிட்டால் அது பிரசங்கமாகிவிடும் என்று எண்ணினோம்.

இந்தப் போதனையின் வேரைச் சற்றே தோண்டிப் பாருங்கள். சாமுவேல் ஸ்மைல்ஸ் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1859-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘தன்னுதவி’ என்னும் நூலே, இன்று கடைகளில் குவிந்துகிடக்கும் சுயமுன்னேற்ற நூல்களுக்கெல்லாம் மூதாதை. அது எப்படிப் பிறந்தது என்பதை அவரே முன்னுரையில் சொல்கிறார். லீட்ஸ் நகரத்தில் எளிய வாலிபர் இரண்டு மூன்று பேர், குளிர்கால மாலைகளில் கூடி, தாங்கள் அறிந்ததை ஒருவருக்கொருவர் கற்பித்தார்கள். கூட்டம் பெருகி ஏறத்தாழ நூறு பேரானது. காலரா நோயாளிகளுக்குத் தற்காலிக மருத்துவமனையாக இருந்ததால் எவரும் குடிவரத் துணியாத ஓர் அறையை வாடகைக்கு எடுத்தார்கள். அங்கே தங்களுக்குச் சில வார்த்தைகள் சொல்லும்படி ஸ்மைல்ஸை அழைத்தார்கள். அங்கு அவர் ஆற்றிய உரைகளிலிருந்தே அந்த நூல் வளர்ந்தது. கவனித்தீர்களா? தனிமனிதன் தன்னைத் தானே உயர்த்திக்கொள்ளலாம் என்று உலகுக்குச் சொன்ன நூலே, ஒருவரையொருவர் தூக்கிவிட்ட வாலிபர்களின் அறையில் கருவுற்றது. தலைப்பு நிலைத்துவிட்டது, அந்த அறையை உலகம் மறந்துவிட்டது.

நம் பக்கத்திலேயே இருக்கும் வேலூருக்கு வாருங்கள். 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், மருத்துவ மிஷனரிகளின் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆனாலும் மிஷனரியாகும் எண்ணம் அவருக்கு இல்லை. நோயுற்ற தாயைக் கவனிக்கவே திண்டிவனத்துக்கு வந்தார். மீண்டும் அமெரிக்காவுக்குத் திரும்பி வசதியாக வாழ்வதே அவர் திட்டம். ஓர் இரவில் மூன்று ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையில் இருந்த தங்கள் மனைவியரைக் காப்பாற்ற வேண்டினர். ஐடாவின் தகப்பனார் மருத்துவர். ஆனால் ஆண் மருத்துவர் தங்கள் மனைவியரைத் தொட அவர்கள் சம்மதிக்கவில்லை. ஐடாவோ மருத்துவம் படித்தவர் அல்ல. விடிவதற்குள் அந்த மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

அந்த இரவுதான் அவரை மாற்றியது. தன்னை எப்படி உயர்த்திக்கொள்வது என்ற கேள்வியால் அவர் மருத்துவரானதில்லை. தன் வாசலில் கேட்ட மூன்று வேண்டுதல்களால் ஆனார். 1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, 1900-இல் வேலூருக்கு வந்தார். இறந்துபோன தம் மனைவியின் நினைவாக ஷெல் என்னும் செல்வந்தர் கொடுத்த 10,000 டாலரால் எழும்பிய மருத்துவமனை 1902-இல் திறக்கப்பட்டது. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது. கடல் கடந்த திருச்சபைகளின் பெண்கள் சேகரித்து அனுப்பிய காணிக்கைகள் அதைத் தாங்கின. ஐடா கடுமையாக உழைத்தார், அதில் ஐயமில்லை. ஆனால் அந்த உழைப்பை எழுப்பியது பிறர் துயரம். அதைத் தாங்கியது பிறர் கைகள். இவ்விரண்டையும் கழித்துவிட்டு மீதியைத் ‘தனிமனித வெற்றி’ என்று எழுதினால், அது கள்ளக் கணக்கு.

வேதமும் இப்படிக் கணக்கெழுதுவதில்லை. பவுலின் ஊழியம் எப்படித் தொடங்கியது? அனனியா என்ற சீஷன், பயத்தை விழுங்கிக்கொண்டு, அவன்மேல் கைகளை வைத்தான். தமஸ்குவில் அவனைக் கொல்லக் காத்திருந்தபோது, சீஷர்கள் இராத்திரியில் அவனைக் கூடையில் வைத்து மதில் வழியாய் இறக்கிவிட்டார்கள். எருசலேமில் எல்லாரும் அவனுக்கு அஞ்சி ஒதுங்கியபோது, பர்னபா அவனைக் கூட்டிக்கொண்டுபோய் அப்போஸ்தலரிடத்தில் நிறுத்தினான். பின்னும் தர்சுவரை தேடிப்போய் அந்தியோகியாவுக்கு அழைத்துவந்தான். கூடைக்குள் உட்கார்ந்திருந்தவனின் நிருபங்கள் நம் கையில் இருக்கின்றன. கயிற்றைப் பிடித்தவர்களின் பெயர்கூட நமக்குத் தெரியாது. அவர்கள் கை நழுவியிருந்தால்?

“அப்படியானால் முயற்சி வேண்டாமா? பிள்ளைகளுக்குச் சோம்பலைப் போதிக்கிறீரா?” என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். இல்லை. எறும்பினிடத்தில் பாடம் கற்கச் சொன்ன ஞானியை நான் மறுக்கவில்லை. தாலந்தைப் புதைத்தவன் கண்டிக்கப்பட்டான் என்பதையும் அறிவேன். ஆனால் அந்த உவமையில், உழைத்துப் பெருக்கியவனின் தாலந்தும் எஜமான் கொடுத்ததுதானே! முயற்சி துடுப்பு, ஆற்றை உண்டாக்கியது துடுப்பு அல்ல. துடுப்புப் போடப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். நீர் வற்றிய இடத்தில் தரைதட்டி நிற்கும் படகைப் பார்த்து, “நீ துடுப்புப் போடவில்லை” என்று மட்டும் சொல்லாதிருங்கள்.

இனி நம்மை நாமே விசாரிப்போம். அந்த மாணவனின் தகப்பன் அருகே வாரத்தில் இரண்டு இரவுகள் உட்கார, இத்தனை குடும்பங்கள் உள்ள நம் சபையில் ஒருவரும் முன்வரவில்லை. நான் முன்வரவில்லை. அவன் கூடையில் இருந்தான்; கயிற்றைப் பிடிக்க ஆள் இல்லை. அவன் விழுந்ததும், முயற்சி போதவில்லை என்று தீர்ப்பு எழுதினோம். சுயமுன்னேற்றப் போதனை நமக்கு ஏன் இனிக்கிறது என்பது இப்போது விளங்குகிறதா? வென்றவனை அது கடனிலிருந்து விடுவிக்கிறது. வேடிக்கை பார்த்தவனைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறது.

ஆகவே மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இவ்வாண்டு தேர்வு முடிவுகளுக்குப் பின் பிள்ளைகளை முன்னே அழைக்கும்போது, மதிப்பெண்ணை வாசிக்கமாட்டோம். தன் கயிற்றைப் பிடித்த ஒருவரின் பெயரை ஒவ்வொரு பிள்ளையும் சொல்லட்டும். தேர்ச்சி பெறாத பிள்ளைகளின் வீடுகளுக்கு அந்த வாரமே செல்வோம்; அறிவுரை சொல்வதற்கு அல்ல, என்ன தேவை என்று கேட்பதற்கு. வார நாட்களின் மாலைகளில் பூட்டிக்கிடக்கும் ஆலய மண்டபத்தைத் திறந்து வைப்போம். படித்தவர்கள் வந்து, படிக்கிறவர்களோடு உட்காருங்கள். லீட்ஸ் வாலிபருக்குக் காலரா அறை போதுமாயிருந்தது. நம்மிடம் மின்விசிறியுள்ள மண்டபம் இருக்கிறது.

அந்த மாணவனின் வீட்டுக்கு இந்த வாரம் நான் போகிறேன். மன்னிப்புக் கேட்பதுதான் முதல் வேலை. என்னோடு வர விரும்புகிறவர்கள் புதன்கிழமை மாலை ஆலய வாசலில் நில்லுங்கள்.

ஜெபம்: கர்த்தாவே, எங்களைத் தாங்கின கைகளை மறந்து, எல்லாம் எங்கள் சாமர்த்தியம் என்று சொன்னதை மன்னியும். விழுந்தவர்களைக் குற்றவாளிகளாகத் தீர்த்ததை மன்னியும். இன்று எந்தக் கயிற்றைப் பிடிக்க வேண்டும் என்று காண்பித்து, அதை நழுவவிடாத கைகளை எங்களுக்குத் தாரும். ஆமென்.