கொள்ளைக்காரர்களுக்குக் கைதட்டுவது ஏன்?

திருட்டு வருகிற படமெல்லாம் ஹைஸ்ட் படம் இல்லைங்க. ஹீரோ ரெண்டு பாட்டுக்கு நடுவில் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினால் அது வெறும் திருட்டு. ஹைஸ்ட் என்றால் ஆள் சேர்க்கணும், திட்டம் போடணும், ஒத்திகை பார்க்கணும், உள்ளே போய் வெளியே வரணும், பங்கு பிரிக்கணும். அதாவது, வேலை. என்னைக் கேட்டால் இது போலீஸ்-திருடன் வகையறாவே இல்லை. வேலை தெரிந்த நாலு பேர் வேலை செய்வதை வேடிக்கை பார்க்கும் படம்.

சந்தேகம் இருந்தால் 'ரிஃபிஃபி' (1955) பாருங்கள். பிரெஞ்சுப் படம், கறுப்பு வெள்ளை. பாரிஸில் ஒரு நகைக்கடை. மாடி வீட்டுக்குள் புகுந்து, தரையைக் குடைந்து கீழே இறங்குகிறார்கள். ஏறக்குறைய அரை மணி நேரம் ஒரு வசனம் கிடையாது, பின்னணி இசையும் கிடையாது. சின்ன ஓட்டை விழுந்ததும் மடக்கிய குடை ஒன்றை அதற்குள் விட்டு, கீழே விரிக்கிறார்கள். பெயர்கிற காரை எல்லாம் குடைக்குள் விழுகிறது, சத்தமே இல்லை! அலாரத்தின் வாயை அடைக்கத் தீயணைப்புக் கருவியின் நுரை. இருமல் வந்தால்கூட மாட்டிக்கொள்வார்களே என்று நாம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். திருடுவது தப்பு என்ற நினைப்பே அந்த அரை மணி நேரம் வருவதில்லை.

இயக்கிய ஜூல்ஸ் டாசின் அமெரிக்கர். கம்யூனிஸ்ட் என்று சக இயக்குநர் எட்வர்ட் டிமிட்ரிக் 1951-ல் விசாரணைக் குழு முன்னால் அவர் பெயரைச் சொல்ல, ஹாலிவுட்டில் கதவு மூடிவிட்டது. 1950-க்குப் பிறகு ஐந்து வருஷம் கழித்து வந்த படம் இது. வேலை பறிக்கப்பட்ட ஒருவர், வேலையை இவ்வளவு ஆசையாகப் படம் பிடித்திருக்கிறார்.

(முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் அடுத்த பத்திக்குத் தாவிவிடவும்.) பூட்டு உடைக்கும் சீஸராக நடித்ததும் டாசின்தான். அந்த சீஸர் ஒரு பாடகிக்குக் கொடுத்த மோதிரத்தால்தான் எல்லாம் நாசம். எதிரிகளிடம் கூட்டாளி பெயரைச் சொல்லிவிட்டுச் சாகிறான். காட்டிக்கொடுக்கப்பட்டவரே காட்டிக்கொடுப்பவனாக நடிப்பதை என்னவென்று சொல்ல!

'ஓஷன்ஸ் லெவன்' (2001) ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். எனக்கும் பிடிக்கும், நாலு தடவை பார்த்தாச்சு. ஆனால் அதில் முக்கியமான தந்திரத்தை நம்மிடமிருந்தே மறைத்துவிட்டு, கடைசியில் "எப்படி?" என்று கண்ணடிக்கிறார்கள். வேகாஸ் கேஸினோ முதலாளியோடு சேர்த்து நம்மையும் ஏமாற்றுகிறார்கள். 'ரிஃபிஃபி' நம்மைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்கிறது. எனக்குக் கூட்டாளியாக இருக்கத்தான் பிடிக்கும்.

நம்ம 'மங்காத்தா' (2011)? கொள்ளை சீக்கிரம் முடிந்து, பணம் யாருக்கு என்ற குத்து வெட்டுதான் படம். அஜித்துக்காகப் பார்க்கலாம்.

ஒரே சிக்கல் 'ரிசர்வாயர் டாக்ஸ்' (1992). அதில் கொள்ளையைக் காட்டவே மாட்டார்கள், முன்னும் பின்னும் மட்டும்தான். என் கணக்குப்படி ஹைஸ்ட் பட்டியலில் சேர்க்கக் கூடாது. விடவும் மனசு வரவில்லை.