சுரங்கத்தில் ஒரு கால், வயலில் ஒரு கால்

நெய்வேலிச் சுரங்கத்துக்குள் எவரும் வெறுங்காலோடு இறங்குதல் கூடாது. காப்புக் காலணி அணிந்தே நுழைய வேண்டும், அதை உரிமையாளரே விலையின்றி வழங்க வேண்டும் என்று 1957ஆம் ஆண்டின் நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறைகளே விதித்துவிட்டன. நகரிய எல்லையைக் கடந்தால் நெல்வயலும் கரும்பும் முந்திரிக்காடும். அங்கே அதே மாவட்டத்து உழைப்பாளி வெறுங்காலோடு நிற்கிறார். மண் ஒன்று, கால் ஒன்று. காவல் மட்டும் ஏன் இரண்டாயிற்று?

காலணியை மேனாட்டு ஆடம்பரம் என்போர் பெரும்பாணாற்றுப்படையைப் புரட்டிப் பார்க்கலாம். அதில் வழிச்செல்லும் வணிகர் அடியை மறைக்கும் காவல் பூண்டே நடக்கின்றனர். செருப்பைக் காவலாகக் கண்ட மொழியில்தான் அதை வசைச்சொல்லாகவும் ஆக்கி வைத்திருக்கிறோம்.

வெறுங்காலின் விலை என்ன? 1880 வாக்கில் சுவிட்சர்லாந்தின் கோத்தார்டு சுரங்கப்பாதைத் தொழிலாளர் பலர் கடும் இரத்தசோகையால் வீழ்ந்தனர். காரணம் கொக்கிப்புழு. மலம் கலந்த ஈரமண்ணில் வளரும் அதன் இளம்புழு, பாதத்தோலைத் துளைத்து இரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாகக் குடலை அடைகிறது. அங்கே தங்கி இரத்தம் உறிஞ்சுகிறது. களையெடுக்கும் பெண் காரணம் தெரியாமல் சோர்ந்து போவதற்கு இப்புழுவும் ஒரு காரணமாகலாம். கழிப்பறையும் புழுமருந்தும் போலவே காலணியும் இங்கே மருத்துவமே.

பாம்புக்கடியும் அத்தகையதே. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஏறத்தாழ 12 இலட்சம் பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என்பது 2020இல் வெளியான ஆய்வின் மதிப்பீடு. கடிகளில் மிகுதியும் காலிலேயே விழுகின்றன. கணுக்காலுக்கு மேலும் மூடிய காலணி பல கடிகளைத் தடுக்கும். சேற்றில் அதை அணிந்து நடவு செய்வது அரிது என்பது உண்மை. ஆயினும் வரப்பிலும் அறுவடையிலும் இருட்டிலும் அணியத் தடையில்லை.

உணர்விழந்த பாதத்தின் கதை வேறு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணியாற்றிய பால் பிராண்ட், தொழுநோயாளரின் பாதப்புண்ணுக்குப் பெருங்காரணம் வலி தெரியாமல் அதே இடம் மீண்டும் மீண்டும் அழுந்துவதே என்று காட்டினார். அதன் பயனாகவே மென்ரப்பர் உள்ளடி வைத்த செருப்புகள் பரவின. இன்று அப்பாடம் நீரிழிவாளருக்குரியது. இறுக்கமான காலணியும், நழுவிப்போனாலும் தெரியாத ஹவாய் செருப்பும் அவர்களுக்கு ஆகா. கால் சற்று வீங்கியிருக்கும் மாலையில் வாங்குக. அணியுமுன் உள்ளே கைவிட்டுத் துழாவுக. வெயிலில் கொதிக்கும் பிரகாரத்தில் காலுறையேனும் அணிக.

ஆனால் அறிவுரை மட்டும் போதுமா? திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்து ராஜாவூரில், தலித் மக்கள் ஒரு தெருவில் செருப்பணிந்து முதன்முறையாக நடந்தது 2023 டிசம்பரில்தான். செருப்பைக் கழற்றச் சொன்ன ஊர், புழுவுக்கும் முள்ளுக்கும் அக்கால்களைத் திறந்து வைத்தது என்பதையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும்.

ஆகவே நம் கோரிக்கை எளியது. பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லாக் காலணி தரத் தெரிந்த அரசு, வயலிலும் துப்புரவுப் பணியிலும் நிற்போருக்கும் அதைத் தரட்டும். சுரங்கத் தொழிலாளியின் காலுக்குச் சட்டம் காட்டும் மதிப்பை, நமக்குச் சோறிடும் காலுக்கும் காட்டுவதில் என்ன தயக்கம்?