பழைய ஏற்பாடு பிரமாணமாமாறு யாங்ஙனம்?

கிறித்தவர் தம் வேதமாகக் கொண்ட விவிலியம் பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு என இரு கூறுடையது. முன்னையது பெரும்பான்மையும் எபிரெய மொழியில் எழுதப்பட்டு யூதர்க்கு மறையாய் விளங்குவது. பின்னையது கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 27 நூல்களின் தொகுதி. இரண்டும் ஒரே இறைவனது வாக்கென்றும், முன்னையது வாக்களிக்கப் பின்னையது நிறைவேற்றிற்றென்றும், முன்னையது நிழல் பின்னையது பொருளென்றும் அச்சமயத்தார் கூறுவர். கேட்ட அளவில் இனிதாய்த் தோன்றும் இக்கொள்கை ஆராய்ச்சிக்கு நிற்குமோ என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள்.

வழக்கின்கண் ஒருவன் சான்றினை அழைத்து வந்து, அச்சான்று தனக்கு ஏற்றன கூறுங்கால் 'இவன் மெய்யன்' என்றும், ஏலாதன கூறுங்கால் 'இவன் காலம் கழிந்தது' என்றும் மொழிவானாயின், அவையோர் அவன் கூற்றை ஏற்பரோ? பழைய ஏற்பாட்டைக் கிறித்தவருட் பெரும்பாலார் ஆளும் முறை இத்தகையதே. கிறித்துவின் வரவை அறிவித்தற்கண் அது தெய்வ வாக்கு. விருத்தசேதனம், உணவு விலக்கு முதலியவற்றை விதித்தற்கண் அது முடிந்துபோன கட்டளை.

இம்முரண் புறத்தார் கற்பித்ததன்று, அந்நூல்களிலேயே உள்ளது. மத்தேயு சுவிசேஷம் 5-ஆம் அதிகாரத்தில் இயேசு, தாம் நியாயப்பிரமாணத்தை அழிக்க வந்திலர் என்றும், வானும் நிலமும் ஒழியுமளவும் அதனில் ஓர் எழுத்தின் உறுப்பும் ஒழியாதென்றும் கூறுகின்றார். ஆதியாகமம் 17-ஆம் அதிகாரம் விருத்தசேதனத்தை என்றுமுள்ள உடன்படிக்கை என்கின்றது. பவுலோ கலாத்தியர்க்கு எழுதிய நிருபம் 5-ஆம் அதிகாரத்தில், அதனைச் செய்துகொள்வார்க்குக் கிறித்துவாற் பயனில்லை என்கின்றார். எபிரெயர்க்கு எழுதிய நிருபம் 8-ஆம் அதிகாரமோ முந்திய உடன்படிக்கை மூத்து மறையும் நிலையில் உள்ளதென்கின்றது. ஒழியாதது மறைதல் யாங்ஙனம்? என்றுமுள்ளது இடையில் முடிதல் யாங்ஙனம்?

அற்றேல், பவுல் கூறியது யூதரல்லாத பிற இனத்தார்க்கே எனின்: அங்ஙனமாயின் யூதர்க்கு அவ்விதி இன்றும் நிற்பதென்று ஒப்புதல் வேண்டும். ஒப்பின், நிழல் நீங்கப் பொருள் வந்ததென்னும் கொள்கை வீழும். ஒவ்வாராயின், இவ்விடை விடையாகாது.

இனி, நியாயப்பிரமாணம் ஒழுக்கவிதி, சடங்குவிதி, நீதிவிதி என மூவகைத்தென்றும், அவற்றுள் ஒழுக்கவிதி நிற்க ஏனைய கழிந்தனவென்றும் 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவைனாஸ் வகுத்துரைத்ததனைக் காட்டுவர். இப்பாகுபாடு உரைகாரர் செய்ததேயன்றி மூலத்துள்ளதன்று. லேவியராகமம் 19-ஆம் அதிகாரம் 18-ஆம் வசனம் அயலானைத் தன்னைப்போல் நேசிக்க என விதிக்கின்றது. அடுத்த வசனமே இருவகை நூல் கலந்த ஆடை உடுத்தலை விலக்குகின்றது. ஒரே மூச்சிற் கூறிய இரண்டனுள் முன்னது என்றும் நிற்க, பின்னது மட்டும் வீழ்ந்ததென்று மூலத்தின்கண் எச்சொல் அறிவித்தது? அன்றியும், ஒழுக்கவிதி எனப்படும் பத்துக் கட்டளைகளுள்ளேயே ஏழாம் நாளை ஓய்வுநாளாகப் போற்றும் விதி உளது. கிறித்தவருட் பெரும்பாலார் போற்றுவதோ வாரத்தின் முதனாளாகிய ஞாயிறு. எத்தியோப்பியத் திருச்சபையார் சனி, ஞாயிறு இரண்டனையும் போற்றி, விருத்தசேதனமும் செய்து வருகின்றனர். நின்றது எது, கழிந்தது எது என்பதில் அவர்க்குள்ளேயே ஒருமையின்மை இதனால் விளங்கும்.

எரேமியா 31-ஆம் அதிகாரத்தில் புதிய உடன்படிக்கை முன்னரே உரைக்கப்பட்டதாலோ எனின், அப்பகுதியை முழுதும் படிக்க. அவ்வுடன்படிக்கை இஸ்ரவேல் குடும்பத்தோடும் யூதா குடும்பத்தோடும் செய்யப்படுவதென்று அங்கே கூறப்பட்டது. நியாயப்பிரமாணம் நீக்கப்படும் என்பதன்று அங்குள்ள வாக்கு; அந்நியாயப்பிரமாணமே அவர்தம் நெஞ்சில் எழுதப்படும் என்பதே. எழுதுமிடம் மாறிற்றன்றி எழுத்து மாறிற்றில்லை.

சான்றாகக் காட்டும் இடங்களும் இங்ஙனமே. ஏசாயா 7-ஆம் அதிகாரம், பகையரசர் இருவரை அஞ்சிய ஆகாஸ் மன்னனுக்கு உரைத்தது. பிறக்கவிருக்கும் மகவு நன்மை தீமை அறியுமுன்னரே அவ்விருவர் நாடும் பாழாம் என்பது அங்குக் கூறிய அடையாளம். அது கி.மு. 8-ஆம் நூற்றாண்டின் செய்தி. அங்குள்ள எபிரெயச் சொல்லாகிய அல்மா இளம்பெண் என்னும் பொருட்டு. கிரேக்க மொழிபெயர்ப்பு அதனைக் கன்னி எனப் பொருள்படும் பார்த்தெனோஸ் என்னுஞ் சொல்லாற் பெயர்க்க, மத்தேயு சுவிசேஷம் அதனையே கொண்டது. 2-ஆம் நூற்றாண்டில் யுஸ்தீன் எழுதிய நூலில் திரிபோ என்னும் யூதர் இதனையே எடுத்து வினவுகின்றார். 1952-ல் முழுமையாக வெளிவந்த ஆங்கிலத் திருத்தப் பதிப்பும் அவ்விடத்து 'இளம்பெண்' என்றே பெயர்த்தது. அதனைச் செய்தாருட் பெரும்பாலார் கிறித்தவ அறிஞரே.

இம்முரணை உள்ளவாறு கண்டவர் மார்சியோன். கண்டதற்கு அவர் செய்த மருந்தோ நோயினும் கொடிது. பழைய ஏற்பாட்டின் தெய்வம் வேறு, இயேசுவின் தந்தை வேறு எனக் கொண்டு, அந்நூற்றொகுதி முழுவதையும் அவர் தள்ளினார், ஏறக்குறையக் கி.பி. 144-ல் ரோமாபுரிச் சபையினின்றும் விலக்கப்பட்டார். தெர்த்துல்லியன் அவரை மறுத்து ஐந்து புத்தகம் எழுதினார். சபை அவரை விலக்கியது நேரிதே. என்னை? கிறித்து என்னும் பெயரே மேசியா என்னும் எபிரெயச் சொல்லின் மொழிபெயர்ப்பாகலின், முன்னையது இன்றேற் பின்னையதற்கு வேரில்லை.

மார்சியோனது வழி பின்னும் தலையெடுத்தது. 1921-ல் ஜெர்மானியப் பேரறிஞர் ஹார்னாக், பழைய ஏற்பாட்டைப் பிரமாண நூலாக இன்னும் வைத்திருத்தல் புராட்டஸ்டண்டு சபைக்குக் குறையென எழுதினார். 1939-ல் ஐசனாக் நகரில் அந்நாட்டுச் சபையார் சிலர், கிறித்தவத்தினின்றும் யூதச் சார்பைக் களைதற்கென்றே ஒரு நிலையம் நிறுவி, மறு ஆண்டில் யூதக் குறிப்புக்களை அகற்றிய புதிய ஏற்பாடொன்றை வெளியிட்டனர். அவ்வாண்டுகளிலேயே நாத்சி அரசு யூதர் ஏறக்குறைய 60 இலட்சம் பேரைக் கொன்றது. நூற்பொருளைத் திரித்தல் புலவர்தம் விளையாட்டன்று என்பதற்கு இதனின் வேறு சான்று வேண்டா.

மார்சியோன் நூலை எறிந்தார். அவரை விலக்கிய சபையோ நூலை வைத்துக்கொண்டு, அதற்குரியாரைப் பொருளறியாக் குருடர் எனப் பன்னூற்றாண்டு பழித்தது. வீட்டிற் குடிபுகுந்தார் வீட்டுக்குரியாரைத் தெருவில் நிறுத்தியதனோடு இஃது ஒக்கும். 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், யூதரை இறைவனாற் கைவிடப்பட்டாராகவோ சபிக்கப்பட்டாராகவோ காட்டலாகாதென அறிவித்தது. காலந்தாழ்த்ததாயினும் நன்றே. ஆயின் அவ்வறிவிப்பின் பயனையும் அவர் ஏற்றல் வேண்டும். இறைவன் அவரைக் கைவிட்டிலனேல், அவர்க்கருளிய உடன்படிக்கையும் வெறும் நிழலன்று. அதன் பொருளை அவர் வாயிற் கேட்டலே முறை.

ஆதலின், புதிய ஏற்பாட்டைப் போற்றுவார் அதனைத் தன் வலியிலேயே நிறுத்துக. பழையதனைச் சான்றாக அழைப்பாராயின், அது கூறுவன முழுவதையும் அது கூறியவாறே கேட்க. இரண்டும் ஒவ்வாராயின், அவர் கொள்வது பிரமாணமன்று, தம் விருப்பமே என்பது பெறப்படும். நடுநிலை பிறழா அறிவுடையார் ஓர்ந்துணர்க.