முதலாளியின் நாற்காலியும் வாரிசுகளின் மனமும்

தாம் கட்டியெழுப்பிய வியாபாரத்தைத் தமக்குப் பின்னர் யார் நடத்துவது என்ற கேள்வியை முதலாளிமார் பலர் இறுதிவரை தவிர்த்து விடுகின்றனர். சட்டம் தெரியாமை மட்டும் இதற்குக் காரணமல்ல. இது பெரிதும் மனம் சம்பந்தப்பட்ட விவகாரமாகும். இந்தியாவின் ரிலையன்ஸ் குழுமத்தின் வரலாறு இதன் விளைவை உணர்த்தப் போதுமானது.

அதன் ஸ்தாபகர் திருபாய் அம்பானி 1986ஆம் ஆண்டில் பாரிசவாதத்தினால் பாதிக்கப்பட்டார். 2002 ஜூலை 6ஆம் திகதி காலமானார். இடைப்பட்ட 16 ஆண்டுகளில் நிர்வாகப் பொறுப்புகள் படிப்படியாகப் புதல்வர்களான முகேஷ், அனில் ஆகியோரின் கைக்கு மாறின. ஆயினும் தந்தை மரண சாசனம் எதனையும் விட்டுச் செல்லவில்லை. 2004 நவம்பரில் சகோதரர்களின் பிணக்கு பகிரங்கமானது. தந்தை எடுக்காத தீர்மானத்தைத் தாயார் கோகிலாபென் 2005 ஜூனில் எடுக்க வேண்டியதாயிற்று. எண்ணெய் சுத்திகரிப்பும் பெற்றோ இரசாயனமும் மூத்தவருக்குச் சென்றன. தொலைத்தொடர்பு, மின்சாரம், நிதிச் சேவை ஆகியன இளையவருக்குக் கிடைத்தன. அதன் பின்னரும் இயற்கை வாயு தொடர்பான வழக்கு, 2010 மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் வரை நீடித்தது.

இத்தகைய நிலைமை பெரும் கோடீஸ்வரர்களுக்கு மட்டும் உரியதல்ல. புறக்கோட்டையின் மொத்த வியாபாரிக்கும் யாழ்ப்பாணத்து நகைக்கடை முதலாளிக்கும் இது பொருந்தும். வாரிசைப் பற்றிப் பேசுவது தமது மரணத்தைப் பற்றிப் பேசுவதாகவே அவர்களுக்குத் தோன்றுகின்றது. ஒரு பிள்ளையைத் தெரிவு செய்தால் மற்றப் பிள்ளையை நிராகரித்ததாகி விடுமோ என்ற அச்சமும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, விடிந்ததும் கடைக்குப் போகாவிட்டால் தாம் யார் என்ற கேள்விக்கு அவர்களிடம் விடையில்லை. எனவே மௌனம் காக்கின்றனர். அதைப் பாசம் என்றும் கருதிக் கொள்கின்றனர்.

மரண சாசனமின்றிக் காலமாகும் முஸ்லிம்களின் சொத்துகளை 1931ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ஆளுகின்றது. தேசவழமைக்கு உட்பட்ட தமிழர்களின் சொத்துகளுக்கு 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் உண்டு. இவை யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைக் கூறும். கல்லாவில் யார் அமர்வது என்பதைக் கூறா. பங்கு வேறு, பொறுப்பு வேறு. எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய பங்கு கிடைப்பது நீதி. ஆனால், நிர்வாகம் தகுதியும் விருப்பமும் உள்ளவரிடமே செல்ல வேண்டும். இருபது வருடங்கள் தந்தையுடன் கடையில் நின்ற மகனும், வெளிநாட்டில் வாழும் சகோதரரும், மணமுடித்துச் சென்ற சகோதரியும் இதனைத் தந்தையின் வாயாலேயே கேட்பது அவசியம். அவர் இருக்கும்போது எழும் மனத்தாங்கலை அவரே ஆற்றலாம். மறைந்த பின்னர் அது நீதிமன்றப் படியேறும்.

முகேஷ் அம்பானி அந்த அனுபவத்தை மறக்கவில்லை போலும். 2023ஆம் ஆண்டில், தாம் தலைவராக இருக்கும்போதே, தமது பிள்ளைகள் மூவரையும் பணிப்பாளர் சபையில் இணைத்துக் கொண்டார். நமது முதலாளிமாரும் சட்டத்தரணியை நாடுவதற்கு முன்னர், ஒரு நாள் இராப்போசனத்தின் பின் பிள்ளைகளை அழைத்து அமர்த்திப் பேசுவார்களாயின், அதுவே அவர்கள் விட்டுச் செல்லும் பெரும் சொத்தாக அமையும்.